உணவு உதவிக்குத் தகுதியுள்ளவர்கள் விண்ணப்பிக்காமல் போவது ஏன்? நடைமுறையில் எங்கே கை வைப்பது?

உதவிமேசை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். உணவு உதவி கேட்டு வருபவர்களுக்குப் படிவம் நிரப்பித் தருவது, சான்றுகளைச் சரிபார்த்து அடுக்கித் தருவது போன்ற வேலைகளைச் செய்யும் சிறிய தன்னார்வக் குழு ஒன்றில் இருக்கிறேன். தகுதி இருந்தும் பலர் இந்த உதவியைப் பெறாமலே இருக்கிறார்கள் என்பதை நிர்வாகமே உணர்ந்து, விண்ணப்ப நடைமுறையை எளிதாக்குவதற்கான யோசனைகளை எழுதித் தருமாறு எங்களிடம் கேட்டிருக்கிறது. இப்படி ஒரு வாய்ப்பு அடிக்கடி கிடைப்பதில்லை என்பதால், மேலோட்டமாக எதையாவது எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

படிவத்தின் பக்கங்களைக் குறைக்க வேண்டும், கைபேசியிலேயே விண்ணப்பிக்க வழி வேண்டும், திட்டத்தைப் பற்றிய விளம்பரம் பெருக வேண்டும் என்று எங்கள் குழு ஒரு வரைவு தயாரித்திருக்கிறது. இவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் எனக்கு மனம் நிறையவில்லை. எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் படிவத்தை எப்படியோ முடித்துவிடுகிறார்கள். நழுவிப் போவது அதற்குப் பிறகுதான். மூன்று வீடுகளில் வேலை செய்யும் ஒரு பெண்மணியின் படிவத்தில் ஒரே ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. ‘பணி வழங்குபவரின் கையொப்பமும் அலுவலக முத்திரையும்’ என்று அதன் மேல் அச்சிட்டிருந்தது. வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருப்பவரிடம் அலுவலக முத்திரை எங்கே இருக்கும்? கையொப்பம் கேட்டதற்கே, ‘இதனால் எங்களுக்கு ஏதாவது தொல்லை வருமா?’ என்று அவர்கள் தயங்கினார்களாம். அந்தப் படிவம் எங்கள் மேசையிலேயே தங்கிவிட்டது.

என்னுடைய கேள்விகள் இரண்டு. விண்ணப்பிக்கத் தொடங்குபவர்கள் எந்தக் கட்டத்தில் அதிகமாக விலகிப் போகிறார்கள் என்பதற்கு நம்பத்தகுந்த சான்றுகள் உண்டா? ‘எளிதாக்கினால் தகுதியில்லாதவர்களும் நுழைந்துவிட மாட்டார்களா?’ என்று அதிகாரிகள் கேட்கும்போது, உணர்ச்சிவசப்படாமல் என்ன பதில் சொல்வது? எந்த நாட்டு அனுபவமாக இருந்தாலும் சரி, அறிந்தவர்கள் விளக்கமாக எழுத வேண்டுகிறேன்.

---

தரவுப் பார்வை பதில் எழுதியது:

உங்கள் முதல் கேள்விக்கு ஓரளவு தெளிவான விடையைத் தரும் ஆய்வு ஒன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் நடந்திருக்கிறது. அரசு மருத்துவ உதவித் திட்டத்தில் ஏற்கெனவே இருந்து, உணவு உதவித் திட்டத்தில் மட்டும் சேராமலிருந்த 60 வயதைக் கடந்தவர்கள் ஏறத்தாழ 30,000 பேரை எடுத்துக்கொண்டு, அவர்களைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்தார்கள். எதுவும் செய்யாமல் விடப்பட்ட குழுவில் ஒன்பது மாதங்களுக்குள் 6 விழுக்காட்டினர் தாமாகவே சேர்ந்தார்கள். ‘உங்களுக்குத் தகுதி இருக்கக்கூடும்’ என்று கடிதம் மட்டும் பெற்ற குழுவில் அது 11 விழுக்காடு. கடிதத்தோடு, தொலைபேசியில் உடனிருந்து படிவத்தை நிரப்பவும் சான்றுகளைத் திரட்டவும் உதவி பெற்ற குழுவில் 18 விழுக்காடு. 2019-இல் இந்த முடிவுகள் வெளியாயின.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: தகவல் போய்ச் சேராததும் தடை, நடைமுறையின் கடினமும் தடை, இரண்டும் ஏறக்குறைய ஒரே எடையுள்ளவை. விளம்பரத்தை மட்டும் பெருக்கினால் பாதி வேலைதான் முடியும். உங்கள் குழு செய்துவரும் ‘உடனிருந்து நிரப்பித் தரும்’ வேலையை நிர்வாகம் ஏதோ தரும காரியமாகப் பார்க்கிறது என்றால், இந்த எண்களை அவர்களிடம் காட்டுங்கள். அந்த வேலை திட்டத்தின் ஒரு பகுதியாகவே இருக்க வேண்டியது, அதற்கென்று ஊதியமும் ஆளும் ஒதுக்கப்பட வேண்டியது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த முதியவர்களுக்குத் தகுதி இருக்கலாம் என்று எப்படித் தெரிந்தது? மருத்துவ உதவித் திட்டத்துக்காக அவர்களுடைய வருமானத்தை அரசு முன்பே சரிபார்த்து வைத்திருந்தது. அப்படியிருக்க, அதே வருமானத்தை அதே அரசுக்கு அவர்கள் இரண்டாம் முறையாக ஏன் நிரூபிக்க வேண்டும் என்பதே என் கேள்வி.

இதோடு, அமெரிக்க உணவு உதவித் திட்டத்தில் இருக்கும் ஒரு சிறிய விதியை நீங்கள் அப்படியே எடுத்து எழுதலாம். பெயர், முகவரி, கையொப்பம் ஆகிய மூன்றும் இருந்தாலே அங்கே விண்ணப்பம் பதிவானதாகக் கொள்ளப்படும். மீதிக் கட்டங்களைப் பிறகு நிரப்பலாம். தகுதி உறுதியானால் உதவி அந்தப் பதிவு நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது. 30 நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். கையில் ஏறக்குறைய எதுவுமே இல்லாத குடும்பங்களுக்கு 7 நாட்களுக்குள் உதவி சென்று சேர வேண்டும். முழுமையாகாத படிவத்தை முகப்பிலேயே திருப்பி அனுப்பும் வழக்கம் இருக்கும் இடங்களில் இந்த ஒரு விதி பெரிய மாற்றத்தைத் தரும். திருப்பி அனுப்பப்பட்டவர் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. பதிவான பிறகு நிலுவையில் இருப்பவருக்கோ அலுவலகம் பதில் சொல்லியாக வேண்டும்.

---

பழைய எழுத்தர் பதில் எழுதியது:

நலத்திட்டப் பிரிவு ஒன்றில் நெடுங்காலம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள், எழுத்தர்கள் வேண்டுமென்றே அலைக்கழிக்கிறார்கள் என்று நினைக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே என்ற பேச்சு சும்மா வந்ததில்லை. ஆனால் பெரும்பாலான எழுத்தர்களை ஆட்டிவைப்பது தணிக்கை பற்றிய அச்சம். தேவைக்கு மேல் ஒரு சான்று கேட்டதற்காக எவரும் தணிக்கைக் குறிப்பு வாங்கியதில்லை. ஒரு சான்று குறைவாகக் கேட்டுவிட்டு, பின்னால் அந்தக் குடும்பத்தின் வருமானம் கூடுதல் என்று தெரியவந்தால் கேள்வி அவர்மீதுதான் திரும்பும். ஆகவே விதிப் புத்தகத்தில் ‘வருமானச் சான்று’ என்று மட்டும் இருப்பது, நடைமுறையில் ‘வருமானச் சான்று, அதற்கு ஒரு சான்றொப்பம், அதோடு ஒரு உறுதிமொழிப் பத்திரம்’ என்று வளர்ந்துகொண்டே போகும். அந்த வளர்ச்சிக்கு எந்த அரசாணையும் இருக்காது. ஒரு காலத்தில் யாரோ ஓர் அதிகாரி கேட்டிருப்பார், அவர் மாறிப் போன பிறகும் பழக்கம் தங்கிவிடும். நீங்கள் சொன்ன அலுவலக முத்திரைக் கட்டமும் அப்படி வந்ததாகத்தான் இருக்க வேண்டும். அதற்கு ஆணை எண் என்ன என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள்.

இந்த அச்சம் மேலிருந்தும் வருகிறது. மேலே எழுதிய நண்பர் அமெரிக்கத் திட்டத்தைச் சொன்னார். அங்கேயே 2025 ஜூலையில் வந்த சட்டத்தின்படி, உதவி வழங்குவதில் 6 விழுக்காடும் அதற்கு மேலும் பிழை விகிதம் உள்ள மாநிலங்கள், பொதுவாக 2028 நிதியாண்டு முதல், உதவித் தொகையில் 5 முதல் 15 விழுக்காடு வரை தங்கள் பணத்திலிருந்து ஏற்க வேண்டும். அந்தப் பிழைக் கணக்கில் குறைவாகக் கொடுத்ததும் சேரும், அலுவலகம் தவறாகக் கூட்டியதும் சேரும். மோசடியை அளக்கும் கணக்கு அன்று அது. ஆனால் தகுதியுள்ளவர் ஒருவரை வெறுங்கையோடு அனுப்பிவிட்டதற்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. இப்படி ஒரு தராசைக் கையில் கொடுத்தால் எந்த அலுவலகமும் சான்றுகளைக் கூட்டத்தான் செய்யும், குறைக்காது.

எனவே உங்கள் குறிப்பில் எழுத்தரைப் பாதுகாக்கும் வாசகம் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். ‘இந்தப் பட்டியலில் உள்ள சான்றுகள் போதுமானவை, இவற்றைப் பெற்றுக்கொண்டு நல்லெண்ணத்தோடு முடிவெடுத்த அலுவலர்மீது, பின்னர் விவரம் மாறியதற்காக நடவடிக்கை எடுக்கப்பட மாட்டாது’ என்ற பொருளில் ஓர் ஆணை வந்தால், படிவத்தில் பத்துக் கட்டங்களை நீக்குவதைவிட அது பெரிய உதவியாக இருக்கும். பட்டியலும் முற்றுப்பெற்றதாக இருக்க வேண்டும். ‘மற்றும் தேவைப்படும் பிற ஆவணங்கள்’ என்ற வரி எந்தப் பட்டியலின் அடியில் இருக்கிறதோ, அந்தப் பட்டியல் இல்லாததற்குச் சமம். கூலி வேலை, வீட்டு வேலை, தெரு வியாபாரம் என்று சம்பளச் சீட்டே இல்லாத வாழ்க்கைகளுக்கு, விண்ணப்பதாரரே எழுதித் தரும் வருமான அறிவிப்பு ஏற்கப்படும் என்று அந்தப் பட்டியலிலேயே அச்சிட வேண்டும்.

சான்றே கேட்காமல் சேர்ப்பதற்கும் பள்ளி உணவுத் திட்டத்தில் ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. அமெரிக்காவில் 2004-இல் வந்த சட்டம், உணவு உதவி பெறும் குடும்பத்தின் குழந்தைகளை, பெற்றோர் தனியாக விண்ணப்பிக்காமலேயே, பட்டியல்களை ஒப்பிட்டு இலவச உணவில் சேர்க்க வேண்டும் என்று சொன்னது. 2010-இல் வந்த சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், அப்படிச் சேர்க்கப்பட்ட குழந்தைகள் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்கும் பள்ளிகளில் எல்லாக் குழந்தைகளுக்குமே இலவச உணவு தரலாம், எந்தக் குடும்பத்திடமும் படிவம் வாங்க வேண்டாம் என்று வழி திறந்தது. 2023-இல் அந்த வரம்பு 25 விழுக்காடாகக் குறைந்தது. எழுத்தராக இருந்தவன் சொல்கிறேன், வாங்காத படிவத்தில் பிழை வர வழியே இல்லை.

---

ஏட்டுச் சுரைக்காய் பதில் எழுதியது:

பழைய எழுத்தர் ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் ‘பட்டியல்களை ஒப்பிட்டுச் சேர்ப்பது’ என்பதைக் கேட்டு நிர்வாகம் மிக விரைவாக மகிழ்ந்துவிடும் என்பதால் ஒரு முட்டுக்கட்டை போடுகிறேன். பட்டியலை ஒப்பிட்டு ஒருவரைச் சேர்க்க முடியும் என்றால், அதே ஒப்பீட்டைக் கொண்டு அவரை நீக்கவும் முடியும். இந்தியாவின் ஜார்க்கண்ட் மாநிலத்தில் நியாயவிலைக் கடைகளில் ஆதார் கைரேகைச் சரிபார்ப்பைக் கொண்டுவந்தபோது நடந்த ஒரு களஆய்வு, அந்த ஏற்பாட்டால் மட்டும் கசிவு குறையவில்லை என்றும், சராசரிப் பயனாளியின் அலைச்சலும் செலவும் கூடின என்றும், அட்டையோடு ஆதார் எண்ணை இணைத்திராத குடும்பங்களுக்குக் கிடைத்துவந்த பொருள் குறைந்தது என்றும் காட்டியது. போலிகளைத் தடுக்க வந்த இயந்திரம் உண்மையானவர்களைத் தடுத்தது. விரல் ரேகை தேய்ந்தவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். உடலுழைப்பில் காலம் தள்ளியவரும் முதியவருந்தானே?

ஆகவே தரவு இணைப்பை நீங்கள் பரிந்துரைப்பதானால், ஒருபக்கமாக மட்டும் திறக்கும் கதவாகப் பரிந்துரையுங்கள். கணினியின் ஒப்பீடு பொருந்தினால் அதைக் கொண்டே ஒருவரைச் சேர்க்கலாம். பொருந்தவில்லை என்றால் அது நிராகரிப்பதற்கான காரணம் ஆகாது. ஓர் அலுவலர் கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும், விண்ணப்பதாரரிடம் கேட்க வேண்டும், முடிவைக் காரணத்தோடு எழுதித் தர வேண்டும். பெயரின் எழுத்துக்கூட்டல் ஓர் ஆவணத்தில் ஒரு மாதிரியும் இன்னோர் ஆவணத்தில் வேறு மாதிரியும் இருப்பது, முதலெழுத்து முன்னால் வருவதா பின்னால் வருவதா என்பது, பிறந்த தேதி தெரியாதவர்கள் எல்லோருக்கும் ஜனவரி 1 என்று போட்டுவைப்பது போன்றவையெல்லாம் கணினிக்கு ‘பொருந்தவில்லை’ என்றுதான் தெரியும்.

இன்னொரு செய்தியும் இருக்கிறது, இதைச் சொன்னால் இழையின் தலைப்பையே கேள்வி கேட்பதாக ஆகும். விண்ணப்பத்தை எவ்வளவு எளிதாக்கினாலும், உள்ளே இடம் இல்லை என்றால் என்ன பயன்? இந்தியாவின் 2013-ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் கிராமப்புற மக்களில் 75 விழுக்காடு வரையிலும் நகர்ப்புற மக்களில் 50 விழுக்காடு வரையிலும் உதவி பெறலாம் என்கிறது. அந்த விழுக்காடுகளை 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கொண்டு கணக்கிட்டு, ஏறத்தாழ 81 கோடிப் பேர் என்று உச்சவரம்பு வைத்தார்கள். மக்கள்தொகை வளர்ந்தது, வரம்பு வளரவில்லை. 2023-இல் உச்ச நீதிமன்றம், அமைப்புசாராத் தொழிலாளர் பதிவேட்டில் பெயர் இருந்தும் குடும்ப அட்டை இல்லாத ஏறத்தாழ 8 கோடிப் பேருக்கு அட்டை வழங்க ஏற்பாடு செய்யுமாறு மாநிலங்களுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. அந்த 8 கோடிப் பேருக்கும் முன்னால் நின்ற தடை படிவத்தின் நீளம் என்று எவரும் சொல்ல முடியாது. நேர்மாறாக, 1997-இல் நாடு முழுவதும் ஏழைகளைத் தனியே பிரிக்கும் முறை வந்தபோது, தமிழ்நாடு அனைவருக்குமான பொது விநியோகத்தையே தொடர்ந்தது. ‘நீ ஏழை என்று நிரூபி’ என்ற கேள்வியையே அங்கே பெரும்பாலும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

உங்கள் நிர்வாகத்தால் உச்சவரம்பை மாற்ற முடியாது என்பது தெரியும். ஆனால் இடமில்லாததால் நிறுத்திவைக்கப்பட்டவரையும் சான்று இல்லாததால் நிராகரிக்கப்பட்டவரையும் ஒரே தலைப்பில் போட்டு மூடாமல், தனித்தனியாகக் கணக்கு வையுங்கள் என்று கேட்கலாமே.

---

மனு எழுதுபவர் பதில் எழுதியது:

இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் விண்ணப்பதாரர் அலுவலகத்தைத் தேடி வந்துவிட்டார் என்று வைத்துக்கொண்டு பேசியிருக்கிறார்கள். நான் மக்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவள். வராதவர்களைப் பற்றியும், வந்து சேர்ந்த பிறகு ஓசையில்லாமல் நீக்கப்படுபவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

முதலில் தொலைபேசிப் பேட்டி. பல திட்டங்களில் படிவம் கொடுத்த பிறகு அலுவலகத்திலிருந்து ஒருவர் அழைத்து விவரங்களைச் சரிபார்ப்பார். நேரில் வரச் சொல்வதைவிட இது நல்லதுதானே என்று தோன்றும். அந்த அழைப்பு எப்படி வருகிறது என்பதைப் பாருங்கள். எண் தெரியாத அழைப்பு, வேலை நேரத்தில், முன்னறிவிப்பு இல்லாமல் வருகிறது. வேலை செய்யும் இடத்தில் கைபேசியை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்ற நிலையில் பலர் இருக்கிறார்கள். வீட்டில் ஒரே கைபேசிதான், அது பிள்ளையிடம் இருக்கிறது என்ற குடும்பங்களும் உண்டு. இரண்டு முறை எடுக்கவில்லை என்றால், ‘விண்ணப்பதாரர் ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதிக் கோப்பை மூடிவிடுகிறார்கள். அவருக்கு அழைப்பு வந்ததே தெரியாது. இதற்கு மாற்று மிக எளிது: அலுவலகம் அழைப்பதற்குப் பதிலாக, குறிப்பிட்ட நாட்களுக்குள் விண்ணப்பதாரரே தமக்கு வசதியான நேரத்தில், மாலையிலோ வார இறுதியிலோ அழைத்துப் பேட்டியை முடித்துக்கொள்ளலாம் என்று வைத்துவிடலாம். சில இடங்களில் இது நடைமுறையிலும் இருக்கிறது.

அடுத்தது புதுப்பித்தல். நீங்கள் நிர்வாகத்துக்கு எழுதும் குறிப்பில் இதற்குத்தான் அதிக இடம் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. புதிதாகச் சேர்வதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஏற்கெனவே உதவி பெற்றுக்கொண்டிருப்பவர், நிலைமையில் எந்த மாற்றமும் இல்லாதபோதே, ஒரு கடிதத்துக்குப் பதில் அனுப்பாததால் நீக்கப்பட்டு, கடைக்குப் போய் நின்ற பிறகுதான் அதை அறிந்து, மறுபடியும் முதலிலிருந்து விண்ணப்பிக்கும் கொடுமையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்த இடைவெளியில் அவர் பட்டினி கிடக்கிறார். அலுவலகமோ ஒரே குடும்பத்துக்கு இரண்டு முறை வேலை செய்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் புதுப்பித்தல் பேட்டிகளை ஆராய்ந்தவர்கள், மாதத் தொடக்கத்தில் பேட்டி ஒதுக்கப்பட்டவர்களைவிட மாத இறுதியில் ஒதுக்கப்பட்டவர்கள் உதவியை இழப்பது கூடுதலாக இருந்ததைக் கண்டார்கள். தேதியை ஒதுக்கியது அலுவலகம். முதல் பேட்டி தவறினாலும் சான்று குறைந்தாலும் சரிசெய்துகொள்ள நாள் இல்லாமல் போவதுதான் காரணம். வருமானம் அடிக்கடி மாறாத முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அமெரிக்காவின் சில மாநிலங்கள் 36 மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும் என்று வைத்திருக்கின்றன. ஓய்வூதியத்தில் வாழும் ஒருவரிடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருமானம் கேட்பதில் யாருக்கு என்ன கிடைக்கிறது?

கடிதங்களைப் பற்றி ஒரு வார்த்தை. என்னிடம் ஒருவர் கொண்டுவந்த கடிதத்தில் இப்படி இருந்தது: ‘பார்வையில் காணும் மனுவின் மீது மேற்கொள்ளப்பட்ட பரிசீலனையில், உரிய இணைப்புகள் இன்மையால் மேல்நடவடிக்கை தொடர இயலாநிலை உள்ளமை தெரிவிக்கப்படுகிறது.’ அவர் இதை நிராகரிப்பு என்றே எடுத்துக்கொண்டு கடிதத்தை மடித்து வைத்துவிட்டார். அவரிடமிருந்து தேவைப்பட்டதோ முகவரிச் சான்று ஒன்றுதான். ‘உங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்படவில்லை. முகவரிச் சான்று ஒன்று மட்டும் பாக்கி. கீழே உள்ள ஐந்தில் ஏதாவது ஒன்றின் நகலை 20-ஆம் தேதிக்குள் கொடுத்தால் போதும். கிடைக்காவிட்டால் இந்த எண்ணுக்கு அழைத்துச் சொல்லுங்கள்’ என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? கடித மாதிரிகளை எங்களைப் போன்றவர்களிடம் கொடுத்து, நாலு பேரிடம் படித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று கேட்டுவிட்டு அச்சிடச் சொல்லுங்கள். இதற்குச் செலவே இல்லை.

அச்சத்தையும் வெட்கத்தையும் படிவம் எதுவும் பிடித்துக் காட்டாது. அமெரிக்காவில் 2019-இல் அறிவிக்கப்பட்ட குடியேற்ற விதி ஒன்று, உணவு உதவி பெறுவதை நிரந்தர வசிப்புரிமை விண்ணப்பத்தில் பாதகமாகக் கொள்ளலாம் என்றது. அந்த விதி யாருக்குப் பொருந்தாதோ அவர்களும், குடிமக்களான குழந்தைகளை உடைய பெற்றோரும்கூட, எதற்கு வம்பு என்று விலகிக்கொண்டார்கள். 2021-இல் அந்த விதி நீங்கியது. அச்சம் அதே வேகத்தில் நீங்கவில்லை. ஆகவே படிவத்தின் முதல் பக்கத்திலேயே, இங்கே தரப்படும் விவரம் எந்தத் துறைக்குப் போகும், எந்தத் துறைக்குப் போகாது என்று வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும். அதை எழுத நிர்வாகம் தயங்கினால், மக்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது என்றுதான் நான் நினைப்பேன்.

---

உதவிமேசை மறுமொழி:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. எங்கள் வரைவில் புதுப்பித்தல் என்ற சொல்லே இல்லை என்பதை அம்மா எழுதியதைப் படித்த பிறகுதான் கவனித்தேன். அதற்குத் தனிப் பகுதி சேர்க்கிறேன். என் இரண்டாவது கேள்வி மட்டும் இன்னும் நிற்கிறது. சில அதிகாரிகள் வேறொரு வாதத்தையும் வைக்கிறார்கள்: ‘உண்மையிலேயே பசியோடு இருப்பவர் எவ்வளவு அலைந்தாவது வாங்கிக்கொள்வார், அலைய மனமில்லாதவருக்கு அவ்வளவு தேவை இல்லை என்றுதானே பொருள்? நடைமுறை கொஞ்சம் கடினமாக இருப்பதே ஒரு சல்லடைதானே?’ இதற்கு என்ன சொல்வது?

---

தரவுப் பார்வை பதில் எழுதியது:

அந்த வாதம் பொருளியல் பாடநூல்களிலேயே இருக்கிறது; அதிகாரிகள் தாங்களாகக் கற்பனை செய்தது அன்று. அதனால் மரியாதையோடு எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. அலைச்சலுக்கு ஆகும் விலை எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால் அந்தச் சல்லடை வேலை செய்யக்கூடும். ஆனால் அரைநாள் கூலியை இழந்து வர வேண்டியவருக்கும், விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வரக்கூடியவருக்கும் விலை ஒன்றில்லை. நோயாளி, கைக்குழந்தையோடு இருப்பவர், எழுதப் படிக்கத் தெரியாதவர், மன உளைச்சலில் இருப்பவர் என்று யாருக்குத் தேவை அதிகமோ அவர்களுக்கே அலைச்சலின் விலையும் அதிகம்.

வரலாற்றிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவின் 1964-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஏழைக் குடும்பங்கள் முதலில் ஒரு தொகையைக் கட்டித்தான் உணவு முத்திரைகளை, அதாவது கடையில் கொடுத்து உணவு வாங்கும் சீட்டுகளை, வாங்க முடிந்தது. கட்டியதற்கு மேல் கிடைக்கும் மதிப்புதான் உதவி. அந்த நிபந்தனையை 1977-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. 1979 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தபோது, அந்த ஒரே மாதத்தில் பயனாளிகளின் எண்ணிக்கை முந்தைய மாதத்தைவிட 15 லட்சம் கூடியது. கையில் பணம் இல்லாததால் உணவு உதவியை வாங்க முடியாமல் இருந்தவர்கள் அவர்கள். அந்தச் சல்லடை யாரைச் சலித்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தது என்பது இதிலிருந்தே தெரிகிறது அல்லவா?

ஆனால் உங்கள் பக்கத்துக்குச் சாதகமில்லாத ஒரு செய்தியையும் சொல்லிவிட வேண்டும். நான் முன்பு குறிப்பிட்ட பென்சில்வேனியா ஆய்வில், கடிதமும் உதவியும் கிடைத்ததால் புதிதாகச் சேர்ந்தவர்கள், தாமாகவே சேர்ந்தவர்களைவிடச் சற்றே குறைவான உதவித் தொகைக்குத் தகுதி பெற்றார்கள்; அதாவது, ஓரளவு நிலைமை மேம்பட்டவர்கள். அவர்களும் தகுதியுள்ளவர்கள்தாம், ஐயமில்லை. ஆனால் தபாலில் கடிதம் அனுப்பினால், கடிதத்தைப் படித்துப் பதில் தரும் நிலையில் இருப்பவர்கள்தான் முதலில் வருவார்கள். மிகவும் நலிந்தவர்களை எட்ட வேண்டுமானால் வேறு வழி வேண்டும். பிரேசில் 2011-இல் கொடிய வறுமைக்கு எதிரான திட்டத்தைத் தொடங்கியபோது, விண்ணப்பத்துக்காகக் காத்திராமல், களப்பணியாளர்கள் வீடு தேடிச் சென்று, எல்லாச் சமூகத் திட்டங்களுக்கும் பொதுவான ஒற்றைப் பதிவேட்டில் குடும்பங்களைச் சேர்ப்பதை அரசின் கடமையாகவே வைத்தது. கைபேசிச் செயலி இருக்கிறது என்பதற்காக இப்படிப்பட்ட களப்பணியை நிறுத்திவிட வேண்டாம் என்று உங்கள் குறிப்பில் எழுதுங்கள். செயலி வந்த கையோடு முகப்பு மேசைகளை மூடும் ஆசை எந்த நிர்வாகத்துக்கும் வரும்.

---

பழைய எழுத்தர் பதில் எழுதியது:

குறிப்பை எழுதத் தொடங்கும் முன் ஒன்றைச் செய்யுங்கள். கடந்த ஓராண்டில் உதவி கிடைக்காமல் மூடப்பட்ட விண்ணப்பங்களின் எண்ணிக்கையை, மூடியதற்கான காரணம் வாரியாகக் கேட்டு வாங்குங்கள். வருமானம் வரம்பைத் தாண்டியதால் மூடியது எத்தனை, பேட்டி நடக்காததால் மூடியது எத்தனை, சான்று வராததால் மூடியது எத்தனை, புதுப்பிக்காததால் நீங்கியது எத்தனை, அப்படி நீங்கியவர்களில் மூன்று மாதங்களுக்குள் திரும்ப விண்ணப்பித்தவர்கள் எத்தனை என்று பிரித்துக் கேளுங்கள். பெயரும் முகவரியும் உங்களுக்குத் தேவையில்லை. கேட்கவும் கேட்காதீர்கள், கேட்டால் அதையே காரணம் காட்டி மறுத்துவிடுவார்கள்.

பெரும்பாலும் ‘முழுமையற்றது’ என்ற ஒரே தலைப்பின் கீழ் எல்லாவற்றையும் போட்டு வைத்திருப்பார்கள். அப்படியானால், அந்தத் தலைப்பில் உள்ள கோப்புகளில் நூறை மட்டும், பெயரை மறைத்து, அவர்களுடைய அலுவலர் ஒருவரும் உங்கள் குழுவில் ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்து புரட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். ஒவ்வொரு கோப்பிலும் கடைசியாக என்ன கேட்டார்கள், அதைக் கேட்டு அனுப்பிய கடிதத்தில் எந்தத் தேதி இருக்கிறது, அது விண்ணப்பதாரர் கைக்குச் சேர்ந்ததற்கு ஏதாவது குறிப்பு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தபாலில் திரும்பி வந்த உறைகளைக் கோப்பின் பின்பக்கம் செருகி வைக்கும் வழக்கம் உண்டு, அவற்றையும் எண்ணுங்கள்.